மூடப்படும் சவாரிகள்: டிஸ்னி பூங்காவில் தொலைந்தவையும் பதிந்து வைக்கப்பட்டவையும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள வோல்ட் டிஸ்னி வேர்ல்டின் மஜிக் கிங்டம் பூங்காவில், 2025 ஜூலை 6ஆம் திகதி ஒரு படகு கடைசித் தடவையாக ஓடியது. லிபர்ட்டி பெல் என்ற அந்தப் படகு உண்மையான நீராவியில் இயங்கியது. ஆனால், தண்ணீருக்கு அடியில் போடப்பட்டிருந்த தண்டவாளத்தின் மீதுதான் அது சென்றது. ரிவர்ஸ் ஒஃப் அமெரிக்கா என்று பெயரிடப்பட்டிருந்த அந்த ஆறும் மனிதர் வெட்டியதுதான். பூங்கா திறக்கப்பட்ட 1971ஆம் ஆண்டிலிருந்தே ஆறு அங்கே இருந்தது. அதன் நடுவிலிருந்த டொம் சோயர் தீவு 1973இல் திறக்கப்பட்டது. இப்போது இரண்டும் இல்லை. 'கார்ஸ்' திரைப்படத்தை ஒட்டிய புதிய பகுதியொன்றுக்காக அந்த இடம் எடுக்கப்பட்டுவிட்டது. கடைசி நாளன்று அந்தப் படகில் ஏறுவதற்கென்றே வந்தவர்கள் பலர். சிறுவயதில் பெற்றோருடன் ஏறியவர்கள், தங்கள் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார்கள்.

வெட்டிய ஆறு, தண்டவாளத்தில் ஓடும் படகு. இதற்காக யாராவது கண்கலங்குவார்களா என்று நினைக்கத் தோன்றும். ஊடகக் கற்கைகள் படித்த காலத்திலிருந்து இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தமான ஒன்று. களியாட்டப் பூங்கா என்பது சினிமாவைப் போல, தொலைக்காட்சியைப் போல ஓர் ஊடகம். ஆனால் பழைய படத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம், மூடிய சவாரியைத் திரும்பப் பார்க்க முடியாது. அந்த இழப்பைச் சுற்றி, அந்தப் பூங்காக்களின் ரசிகர்கள் முப்பது ஆண்டுகளாக ஒரு பெரிய நினைவுச் சேகரத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

"அந்தக் காலம் போல இல்லை" என்ற அவர்களது முறைப்பாட்டை உற்றுக் கேட்டால், அதற்குள் மூன்று வேறுவேறு விடயங்கள் கலந்திருப்பது தெரியும். காலம் கடந்ததால் போனவை சில. பணத்தின் கணக்கில் போனவை சில. போகவேண்டியிருந்ததால் போனவை சில. இவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

எதிர்காலத்தைக் காட்டிய பூங்கா

டிஸ்னி நிறுவனம் புளோரிடாவில் 27,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வாங்கியபோது, வோல்ட் டிஸ்னியின் மனதில் இருந்தது பூங்கா மட்டுமல்ல. சுமார் 20,000 பேர் வாழக்கூடிய ஒரு சோதனை நகரத்தை அவர் திட்டமிட்டார். அதன் பெயர் எப்கொட். 1966 டிசெம்பர் 15ஆம் திகதி அவர் இறந்தார். நகரத் திட்டமும் அவரோடு போனது. 1982 ஒக்டோபர் 1ஆம் திகதி அதே பெயரில் திறக்கப்பட்டது ஒரு பூங்கா. ஒரு பாதி அறிவியலையும் எதிர்காலத்தையும் காட்டியது. மறுபாதியில் மெக்சிக்கோ, சீனா, ஜப்பான், கனடா முதலான நாடுகளின் காட்சியரங்குகள் இருந்தன.

அறிவியல் பகுதியின் ஒவ்வோர் அரங்கையும் ஒரு பெரிய கம்பனி அனுசரணை செய்தது. போக்குவரத்தின் கதையைச் சொன்ன வேர்ல்ட் ஒஃப் மோஷனுக்கு ஜெனரல் மோட்டோர்ஸ். கற்பனையைப் பற்றிய அரங்குக்குக் கொடாக். உணவும் விவசாயமும் பற்றிய அரங்குக்குக் கிராஃப்ட். சக்தியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிய யுனிவர்ஸ் ஒஃப் எனர்ஜிக்கு எண்ணெய்க் கம்பனியான எக்ஸொன். எரிபொருளின் எதிர்காலத்தை எண்ணெய் விற்பவர் சொன்னால் கதை எப்படி அமையும் என்பதை விளக்கத் தேவையில்லை. அந்த அரங்கின் கூரையில் சூரியப் படல்கள் பொருத்தப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எப்கொட்டை நினைத்து ஏங்குபவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருப்பது நல்லது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருந்தது. அனுசரணை ஒப்பந்தம் முடிந்ததும் அரங்கைப் புதுப்பிக்கப் பணம் தருவார் இல்லை. எதிர்காலத்தைக் காட்டும் அரங்கோ மற்றெதையும்விட விரைவில் பழசாகும். 1982இல் வியக்க வைத்த தொடுதிரை, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கடைகளிலும் வங்கிகளிலும் வந்துவிட்டது. வேர்ல்ட் ஒஃப் மோஷன் 1996 ஜனவரியில் மூடப்பட்டு, கார்ப் பரிசோதனையைப் போலியாகச் செய்துகாட்டும் வேகச் சவாரியாக மாறியது. அங்கே ஜெனரல் மோட்டோர்ஸ் தொடர்ந்தும் இருந்தது. மனித வரலாற்றைச் சொல்லும் மெதுவான காட்சிகள் போய், கார் வந்தது.

ஹொரைசன்ஸ்

எப்கொட்டின் ரசிகர்கள் அதிகம் பேசும் சவாரி ஹொரைசன்ஸ். ஜெனரல் எலெக்ட்ரிக் அனுசரணையுடன் 1983 ஒக்டோபர் 1ஆம் திகதி அது திறக்கப்பட்டது. கால்மணிநேரச் சவாரி. முதலில், முன்னைய தலைமுறையினர் எதிர்காலத்தை எப்படியெல்லாம் கற்பனை செய்தார்கள் என்று ஜூல்ஸ் வேர்ன் காலத்திலிருந்து காட்டும். பிறகு பாலைவனத்திலும் கடலுக்கடியிலும் விண்வெளியிலும் மனிதர் குடியேறியிருக்கும் ஒரு நாளைக்குள் கொண்டுபோகும். பாலைவனத் தோடம்பழத் தோட்டத்தைக் கடக்கும்போது தோடம்பழ வாசனை வரும். அங்கே போய்வந்தவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அந்த வாசனையைத்தான். முடிவில், எந்த வழியாக வீடு திரும்புவது என்று பயணிகளே பொத்தானை அழுத்தித் தெரிவுசெய்யலாம். பெரும்பான்மை எதுவோ அந்தக் காட்சி திரையில் ஓடும்.

அதில் ஒரு காட்சி: விண்வெளி நிலையத்தில் ஒரு சிறுவனின் பிறந்தநாள். குடும்பத்தில் மற்றவர்கள் கடலுக்கடியிலும் பூமியிலுமாகப் பிரிந்து வாழ்கிறார்கள். எல்லோரும் ஒளிவடிவில் ஒரே அறையில் தோன்றிப் பாட்டுப் பாடுகிறார்கள். 1983இல் அது விஞ்ஞானப் புனைகதை. கனடாவிலும் சுவிசிலும் லண்டனிலும் பிள்ளைகள் இருக்க, கைபேசித் திரையின் முன்னால் கேக் வெட்டும் எமது வீடுகளில் இன்று அது வழக்கம். சவாரி சொன்ன எதிர்காலத்தில் அநேகமாகப் பலித்தது அந்த ஒரு காட்சிதான். ஆனால், குடும்பம் ஏன் அப்படிச் சிதறியது என்ற கேள்வி அந்தச் சவாரிக்குள் வரவில்லை. அங்கே எல்லோரும் விரும்பிப் போனவர்கள்.

ஜெனரல் எலெக்ட்ரிக் 1993இல் விலகியது. 1994 டிசெம்பரில் சவாரி மூடப்பட்டது. அயலிலிருந்த வேறு அரங்குகள் திருத்தத்துக்காக மூடப்படவே, ஆட்களைத் தாங்க இடம் வேண்டும் என்று 1995 டிசெம்பரில் மறுபடி திறந்தார்கள். 1999 ஜனவரி 9ஆம் திகதி நிரந்தரமாக மூடினார்கள். அடுத்த ஆண்டு கட்டடம் இடிக்கப்பட்டது. 2003இல் அந்த இடத்தில் மிஷன் ஸ்பேஸ் என்ற விண்வெளிப் பயிற்சிச் சவாரி வந்தது.

மூடும் விதம்

மூடப்படுவதைவிட, மூடிய விதம்தான் பலருக்கு ஆறாமல் இருக்கிறது. மஜிக் கிங்டத்தில் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' கதையை ஒட்டிய நீர்மூழ்கிச் சவாரி ஒன்று இருந்தது. 1994 செப்டெம்பரில் திருத்தவேலை என்று நிறுத்தினார்கள். இனி இல்லை என்ற அறிவிப்பு 1996இல்தான் வந்தது. தண்ணீர் மட்டும் 2004 வரை அங்கே தேங்கிக் கிடந்தது. கடைசிப் பயணம் எது என்று தெரிந்து அதில் ஏறியவர் ஒருவரும் இல்லை.

அந்த அனுபவம் இருந்ததால், மிஸ்டர் டோட்ஸ் வைல்ட் ரைட் என்ற பழைய சவாரிக்கு ஆபத்து என்று 1997இல் பத்திரிகையில் செய்தி வந்தபோது ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. பச்சைச் சட்டை அணிந்து சவாரியின் முன்னால் கூடி எதிர்ப்புக் காட்டினார்கள். பலனில்லை. 1998 செப்டெம்பர் 7ஆம் திகதி அது மூடப்பட்டு, அடுத்த ஆண்டு அங்கே வின்னி த பூ சவாரி வந்தது. புதிய சவாரியின் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. பழைய சவாரியின் நாயகனான தேரை, அந்த இடத்தின் உறுதியைப் பூவின் நண்பனான ஆந்தையிடம் கையளிக்கும் படம். அதே பூங்காவின் பேய்வீட்டு மயானத்தில் தேரைக்கு ஒரு சிலையும் உண்டு. வடிவமைப்பாளர்களுக்கும் அந்த இழப்பு தெரிந்திருந்தது என்று ரசிகர்கள் இதைக் காட்டுவார்கள்.

எதிர்ப்பு பலித்த இடமும் உண்டு. எப்கொட்டின் கற்பனை அரங்கில் ஃபிக்மென்ட் என்ற ஊதாநிறக் குட்டி டிராகனும், ட்ரீம்ஃபைண்டர் என்ற தாடிக்காரரும் இருந்தார்கள். 1998 ஒக்டோபரில் அந்தச் சவாரியை மூடி, ஏறக்குறைய ஓராண்டில் சுருக்கப்பட்ட வடிவமொன்றைத் திறந்தார்கள். அதில் ஃபிக்மென்ட் அங்குமிங்கும் தலைகாட்டியதோடு சரி. முறைப்பாடுகள் குவிந்தன. இரண்டு ஆண்டுகளில் அதையும் மூடி, 2002இல் ஃபிக்மென்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ட்ரீம்ஃபைண்டர் சவாரிக்குத் திரும்பவில்லை. 2022 ஜனவரியில், ஃபிக்மென்ட் உருவத்தில் விற்கப்பட்ட ஒரு பொப்கோர்ன் வாளிக்காக மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஏக்கம் நல்ல வியாபாரம் என்று நிறுவனம் அறிந்துகொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சவாரியைப் பழைய தரத்துக்குக் கொண்டுவருவதற்குப் பெருஞ்செலவாகும். வாளிக்கு அவ்வளவு ஆகாது.

தரம் உண்மையில் குறைந்ததா?

ஏக்கத்தில் பேசுபவர் எல்லாவற்றையும் பொன்னாகவே காண்பார் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால், எண்ணிப் பார்க்கக்கூடிய விடயங்கள் இருக்கின்றன.

முதலாவது, பழுது. டிஸ்னியின் அனிமல் கிங்டத்தில் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் என்ற மலை இரயில் 2006 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மலைக்குள் இரண்டு மாடிக்கு மேல் உயரமான எட்டி என்ற பனிமனிதன், இரயிலை நோக்கிக் கையை வீசிப் பாய்வதுதான் அதன் உச்சம். சில மாதங்களிலேயே அந்த இயந்திரம் நின்றுபோனது. அசையாத உருவத்தின் மேல் மின்னி மின்னி அணையும் விளக்கைப் போட்டு, அசைவதுபோலக் காட்டினார்கள். ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் 'டிஸ்கோ எட்டி'. தலைமை வடிவமைப்பாளராக இருந்த ஜோ ரோட், என்றாவது அதைத் திருத்துவேன் என்று 2013இல் மேடையில் சொன்னார். பின்னர் அவர் நிறுவனத்திலிருந்து ஓய்வுபெற்றார். பல ஆண்டுகளாகப் பனிமனிதன் அப்படியே நின்றான். சவாரிக்குச் சனம் குறையவில்லை. சனம் குறையாதவரை திருத்தவேண்டிய அவசரமும் இல்லை.

இரண்டாவது, முன்பு இலவசமாக இருந்தவை. வரிசையில் நிற்காமல் குறித்த நேரத்துக்கு வந்து ஏறும் ஃபாஸ்ட்பாஸ் முறை 1999இல் வந்தபோது எல்லோருக்கும் இலவசம். 2020இல் பெருந்தொற்றோடு அது நிறுத்தப்பட்டது. 2021 ஒக்டோபரில் திரும்பி வந்தபோது அதற்குப் பெயர் ஜீனி பிளஸ், ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டொலர். 2024 இறுதியில் எல்லா வரிசைகளையும் தாண்டிப்போகும் உயர்வகைச் சீட்டு வந்தது. நெரிசலான நாட்களில் மஜிக் கிங்டத்தில் அதன் விலை 449 டொலர் வரை சென்றது. இது நுழைவுச்சீட்டுக்கு மேலதிகமாகக் கொடுப்பது. விமான நிலையத்திலிருந்து டிஸ்னி ஹொட்டேல்களுக்கு 2005 முதல் ஓடிய இலவச பஸ்ஸும் 2022 ஜனவரியோடு நின்றது.

மூன்றாவது, நுழைவுக் கட்டணம். 1982இல் எப்கொட்டுக்குள் ஒரு நாள் நுழைய வயதுவந்தவருக்கு 15 டொலர். பணவீக்கத்தைக் கணக்கிட்டால் இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 50 டொலர். 2022 டிசெம்பரில் மஜிக் கிங்டத்தின் நெரிசல் நாள் கட்டணம் 189 டொலர் ஆனது. 'அப்பா கூட்டிக்கொண்டு போனார், என்னால் என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை' என்று ஓர் அமெரிக்கத் தொழிலாளி சொன்னால், அது வெறும் நினைவுமயக்கம் அல்ல.

புதியவை எல்லாம் மோசம் என்றும் சொல்ல முடியாது. யுனிவர்ஸ் ஒஃப் எனர்ஜி இருந்த இடத்தில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட கொஸ்மிக் ரிவைண்ட் சவாரிக்கு அபாரமான வரவேற்பு. உலகுருண்டை போன்ற ஸ்பேஸ்ஷிப் ஏர்த் சவாரியின் கதைசொல்லியாக 1986இல் வோல்டர் குரோன்கைட், 1994இல் ஜெரமி அயன்ஸ், 2008இல் ஜூடி டென்ச் என்று குரல்கள் மாறின. எந்தக் குரல் சிறந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரும் தாம் சிறுவயதில் கேட்ட குரலையே சொல்வார்கள். இது ஏக்கம். பனிமனிதன் அசையாதது பழுது. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால், பழுதைத் திருத்தவேண்டியவர் தப்பித்துவிடுவார்.

போகவேண்டியிருந்தவை

மஜிக் கிங்டத்தின் ஸ்பிளாஷ் மவுன்டன் 1992 முதல் 2023 ஜனவரி வரை இயங்கியது. உயரத்திலிருந்து தண்ணீருக்குள் பாயும் மரக்குற்றிச் சவாரி. பாட்டும் விலங்குப் பொம்மைகளுமாக, பிள்ளைகளுக்குப் பெரும் விருப்பம். மூடப்பட்டபோது அதன் தண்ணீரைப் போத்தலில் அடைத்து இணையத்தில் விற்கவும் சிலர் முன்வந்தார்கள்.

ஆனால், அதன் கதை 1946இல் டிஸ்னி எடுத்த 'சோங் ஒஃப் த சவுத்' படத்திலிருந்து வந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிந்திய ஜோர்ஜியாவின் தோட்டமொன்றில், கறுப்பின மக்கள் தம் நிலையில் திருப்தியோடு பாடி மகிழ்ந்திருப்பதாக அந்தப் படம் காட்டியது. வெளிவந்த காலத்திலேயே கறுப்பின உரிமை அமைப்புகள் அதைக் கண்டித்தன. அதில் முக்கிய பாத்திரத்தில் நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட், இனப்பாகுபாட்டுச் சட்டங்களால் அட்லாண்டாவில் நடந்த முதற்காட்சியில் கலந்துகொள்ள முடியவில்லை. அமெரிக்காவில் நிறுவனம் அந்தப் படத்தை வீட்டுக் காணொளியாக ஒருபோதும் வெளியிடவில்லை. படத்தை ஒளித்துவிட்டு அதன் பாத்திரங்களைச் சவாரியாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2020 ஜூனில் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 2024 ஜூன் 28இல் டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசியான டியானாவின் கதையோடு அது மீளத் திறந்தது. பெண்களை ஏலம் விடும் காட்சியொன்று கடற்கொள்ளையர் சவாரியில் பல பத்தாண்டுகள் நகைச்சுவையாக ஓடியது. அதுவும் 2018இல் மாற்றப்பட்டது.

அந்தப் படத்தைப் பற்றி எதுவும் அறியாமல் ஸ்பிளாஷ் மவுன்டனை நேசித்த பிள்ளையின் மகிழ்ச்சி பொய்யல்ல. அதே பாட்டைக் கேட்டுக்கொண்டு வரிசையில் நின்ற கறுப்பினத் தாயின் சங்கடமும் பொய்யல்ல. நல்ல நினைவுக்குறிப்பு இரண்டையும் எழுதும்.

ஏக்கம் என்ற நோய்

ஆங்கிலத்தில் 'நொஸ்டால்ஜியா' என்று சொல்லப்படும் சொல்லை 1688இல் ஜொஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் நகரில் உருவாக்கினார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டினார். ஊரைவிட்டுத் தொலைவில் வாழ நேர்ந்த சுவிஸ் நாட்டவரிடம் கண்ட நோய்க்கு அவர் இட்ட பெயர் அது. அப்போது அது இடத்துக்கான வலி. இப்போது பெரும்பாலும் காலத்துக்கான வலி.

லெனின்கிராட்டில் பிறந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த அறிஞர் ஸ்வெட்லானா பொய்ம், 2001இல் வெளிவந்த தன் நூலில் ஏக்கத்தை இரண்டாகப் பிரித்தார். இழந்ததை அப்படியே திரும்பக் கட்ட நினைப்பது ஒன்று. இழந்ததை இழந்ததாக ஏற்று, அதைப் பற்றிச் சிந்திப்பது மற்றது. முன்னது தன்னை ஏக்கம் என்றே ஒத்துக்கொள்ளாது, உண்மை என்று சொல்லிக்கொள்ளும். டிஸ்னி ரசிகர்களிலும் இந்த இரண்டு வகையினரும் இருக்கிறார்கள். எனக்குப் பயன்படுபவர்கள் இரண்டாவது வகையினர்.

பதிந்து வைத்தவர்கள்

யெஸ்டர்லாந்து என்ற இணையத்தளம் 1995இல் தொடங்கியது. மூடப்பட்ட டிஸ்னிலாந்துச் சவாரிகளை இன்னும் திறந்திருப்பவை போல ஒவ்வொன்றாக விவரிக்கும் தளம் அது. 2017இல் தொடங்கிய டிஃபங்ட்லாந்து என்ற யூடியூப் தொடர், மறைந்த சவாரிகளின் வரலாற்றை ஆவணப்படங்களாகத் தருகிறது. 2021இல் அது ஃபாஸ்ட்பாஸ் முறையைப் பற்றி ஒன்றரை மணிநேரத்துக்கு மேற்பட்ட ஆய்வொன்றை வெளியிட்டது. வரிசைகளைக் கணினியில் போலியாக ஓட்டி, அந்த முறையால் யார் பயனடைந்தார், யார் காத்திருந்தார் என்று அது ஆராய்ந்தது. ஏக்கத்தில் பிறந்த முயற்சி, விசாரணை இதழியலாக வளர்ந்ததற்கு இது நல்ல உதாரணம்.

ஹொரைசன்ஸ் மூடப்படும் என்று கணித்த இரு நண்பர்கள், 1990களின் பிற்பகுதியில் ஓடும் சவாரியிலிருந்து இறங்கிக் காட்சிகளுக்குள்ளேயே நடந்து படம் பிடித்தார்கள். ஆபத்தானது, விதிமீறலும்கூட. ஆனால், இடிபட்ட அந்தக் கட்டடத்தின் உட்புறம் பற்றிய மிக நெருக்கமான பதிவுகள் அவர்களுடையவை. வேறு பலர் வீட்டுக் கமெராவில் எடுத்ததையும் பணியாளர்கள் பாதுகாத்த ஒலிநாடாக்களையும் சேர்த்து, மெய்நிகர் வடிவில் அந்தச் சவாரியை மீள உருவாக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன.

1999 ஜனவரியில் ஹொரைசன்ஸ் மூடப்பட்டபோது எனக்குப் பத்து வயதாகவில்லை. நாங்கள் வன்னியில் இருந்தோம், ஊரில் மின்சாரம் இல்லை. நான் ஒருபோதும் ஏறாத அந்தச் சவாரியின் ஒவ்வொரு காட்சியையும் இன்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியும், யாரோ பதிந்து வைத்ததால். அதே ஜனவரியில் நான் படித்த கொட்டில் பள்ளிக்கூடத்தின் ஒரு படம்கூட எவரிடமும் இல்லை. அந்தப் படகுக்கு முன்கூட்டியே ஒரு கடைசித் திகதி கொடுத்தார்கள், சனம் வந்து விடைபெற்றது. எமது வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் அப்படி ஒரு திகதியை எவரும் அறிவிக்கவில்லை. ஒரு களியாட்டச் சவாரியையும் எமது இழப்பையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. பதிந்து வைக்கும் வேலையை எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

அந்த முறை எளியது. ஒருவருடைய நினைவை மட்டும் நம்பாமல் பலரிடமும் கேட்டார்கள். திகதியை எழுதினார்கள். ஒலியையும் வாசனையையும்கூடக் குறித்தார்கள். நுழைவுச்சீட்டின் விலை, உடைந்து கிடந்த பொம்மை, அங்கே வேலை செய்தவர்கள் சொன்னவை என்று எதையும் சிறியது என்று தள்ளவில்லை. அவர்களில் சிறந்தவர்கள், தமக்குப் பிடித்த சவாரியில் இருந்த பிழையையும் மறைக்காமல் எழுதினார்கள். தோடம்பழத் தோட்டத்துக்கு அருகே எண்ணெய்க் கம்பனியின் பெயரும் வருகிறது, பாட்டுக்கு அருகே பாஸ்கெட்டின் பெயரும் வருகிறது. ஊரில் மிஞ்சியிருக்கும் ஒரு வாசிகசாலையையோ ஒரு சந்தையையோ பற்றி இன்று இரண்டு முதியவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு, அவர்கள் சொல்வது எங்கே பொருந்துகிறது, எங்கே மாறுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பதற்கு இதைவிடப் பெரிய வசதி எதுவும் தேவையில்லை.